இஏ கேம் வாங்கலாமா? திட்டுகளைப் பிரித்துப் படிப்பது எப்படி

எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் (இஏ) கம்பெனியின் போர் கேம் பேட்டில்ஃபீல்டோ கால்பந்து கேம் எஃப்சியோ தள்ளுபடியில் வந்ததும் நண்பர்கள் குரூப்பில் லிங்க்கைப் போட்டுப் பாருங்கள், ஒரு நிமிடத்துக்குள் யாராவது "இஏவா? ஆளை விடு" என்பார். ஏன் என்று கேட்டால் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது, "எல்லாரும் சொல்றாங்களே" என்பதோடு நின்றுவிடும். மீதிப் பேரிடம் நியாயமான கணக்கு ஒன்று இருக்கும், அது இருபது வருஷத்துக்கும் முன்னால் தொடங்கும். இந்த இரண்டையும் பிரிக்கத் தெரிந்தால் காசும் மிஞ்சும், வெறும் பேச்சுக்குப் பயந்து நல்ல கேமைத் தவறவிடாமலும் இருக்கலாம். அந்தப் பிரிக்கும் வேலைக்குத்தான் இந்தக் குறிப்பு.

யூபிசாஃப்ட், ஆக்டிவிஷன் என்று மற்ற கேம் கம்பெனிகளையும்தான் திட்டுகிறார்கள். ஆனாலும் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் ஒரு பப்ளிஷர் (கேமைப் பணம் போட்டு வெளியிடும் கம்பெனி) கேமர்களைக் கடுப்பேற்றக்கூடிய வழிகளில் அநேகமாக எல்லாவற்றையும் ஒரு முறையாவது செய்து பார்த்த கம்பெனி அது. இதைப் படிக்கத் தெரிந்துவிட்டால் மற்றவர்களையும் படித்துவிடலாம். இத்தனைக்கும் 1982இல் டிரிப் ஹாக்கின்ஸ் ஆரம்பித்தபோது, கேம் செய்கிறவர்களைக் கலைஞர்கள் என்று சொல்லி, இசைத்தட்டு உறை மாதிரி அழகான அட்டையில் அவர்கள் பெயரையும் போட்டு விற்ற கம்பெனி இது.

காசு கொடுத்த அப்புறம் என்ன நடந்தது என்று பாருங்கள்

விலை அதிகம், கதை மொக்கை, கிராஃபிக்ஸ் சுமார் என்று வரும் கோபம் ஒரு மாதத்தில் ஆறிவிடும். ஆறாத கோபம் வேறு ரகம். வீட்டை விற்ற அப்புறமும் சாவியைத் தன் இடுப்பிலேயே செருகிக்கொண்டு திரிகிற ஆள்மேல் வரும் கோபம் அது. அதனால் எந்தத் திட்டைப் படித்தாலும் முதலில் இதைக் கேளுங்கள்: கேம் பிடிக்கவில்லை என்கிறாரா, இல்லை வாங்கிய கேமை ஆட விடவில்லை என்கிறாரா? முதல் வகை என்றால் அது ரசனை, உங்கள் ரசனை வேறாக இருக்கலாம். இரண்டாம் வகை என்றால் நின்று படியுங்கள்.

2008இல் வந்த ஸ்போர் நல்ல உதாரணம். ஒரு செல்லில் தொடங்கி விண்வெளி வரை ஓர் உயிரை வளர்க்கும் கேம், வருஷக்கணக்கில் எல்லாரும் காத்திருந்தது. வாங்கிப் பார்த்தால் செக்யூராம் என்ற பாதுகாப்பு மென்பொருள் கூடவே வந்தது, மூன்று முறைதான் ஆக்டிவேட் செய்யலாம் என்று ஒரு வரம்பும் வந்தது. கம்ப்யூட்டரை மாற்றினாலோ விண்டோஸைத் திரும்பப் போட்டாலோ ஒன்று போய்விடும், மூன்றும் தீர்ந்தால் கம்பெனியிடம் போய்க் கெஞ்ச வேண்டும். அமேசானில் ஒற்றை ஸ்டார் ரிவ்யூக்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. வேடிக்கை என்னவென்றால், திருட்டுக் காப்பியை இறக்கியவர்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. அந்த வருஷம் அதிகம் திருட்டுத்தனமாக இறக்கப்பட்ட கேம்களில் ஸ்போர் முன்வரிசையில் இருந்தது. காசு கொடுத்தவனுக்கு மட்டும் பூட்டு. கடைசியில் வரம்பை ஐந்தாக உயர்த்தினார்கள்.

பாடம் கற்றார்களா என்றால், 2013 மார்ச்சில் சிம்சிட்டி வந்தது. தனியாக உட்கார்ந்து நிதானமாக நகரம் கட்டும் கேம், அதற்கு எந்நேரமும் இணையம் கட்டாயம் என்றார்கள். வெளியான அன்றே சர்வர்கள் திணறின. காசு கட்டியவர்கள் வரிசையில் காத்துக் கிடந்தார்கள், உள்ளே போனவர்களில் பலருக்குக் கட்டிய நகரம் சேவ் ஆகவில்லை. பாரத்தைக் குறைக்க கேமின் அதிவேக ஓட்டத்தையே கொஞ்ச நாள் அணைத்து வைத்தார்கள், அமேசான் அதன் டவுன்லோட் விற்பனையைச் சிறிது காலம் நிறுத்தியது. இதுவரை நடந்ததைக்கூட மன்னிக்கலாம், கூட்டம் வந்தால் சர்வர் விழுவது புதிதல்ல. மன்னிக்க முடியாதது விளக்கம். நகரத்தின் கணக்குகளில் பெரும்பங்கு எங்கள் சர்வரில்தான் ஓடுகிறது, இணையம் இல்லாமல் ஆடவைக்க ஏகப்பட்ட வேலை பிடிக்கும் என்றார்கள். சில நாட்களிலேயே ஒரு மாடர், அதாவது கேமைத் தானே மாற்றியமைக்கும் ஆர்வலர், கோடில் கைவைத்து, இணையத்தை அறுத்துவிட்டு அதே கேமை ஓட்டிக் காட்டினார். சமாதானமாக ஒரு கேமை இலவசமாகக் கொடுத்தார்கள். ஒரு வருஷம் கழித்து, 2014 மார்ச்சில் ஆஃப்லைன் வசதியும் வந்தது. அதற்குள் ஆட்கள் போய்விட்டார்கள். 2015 மார்ச் தொடக்கத்தில் அந்த கேமைச் செய்த எமரிவில் மாக்ஸிஸ் ஸ்டுடியோவை இஏ மூடியது, அதே மாதம் ஃபின்லாந்தின் ஒரு சின்ன ஸ்டுடியோ செய்த சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் வெளியாகி மொத்தக் கூட்டத்தையும் அள்ளிக்கொண்டது.

ஆகவே வாங்கும் முன் செய்ய வேண்டியது: ஸ்டோர் பக்கத்தில் வலது ஓரத்தில் சின்னதாக எழுதியிருப்பதைப் படியுங்கள். இணையம் எப்போதும் தேவையா, வேறு அக்கவுண்ட் வேண்டுமா, டெனுவோ மாதிரி திருட்டுத் தடுப்புப் பூட்டு இருக்கிறதா என்று அங்கே இருக்கும். ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வாங்கினாலும் பெரும்பாலான இஏ கேம்கள் இஏ ஆப்பைத் திறந்துதான் ஓடும், அதற்கு ஒரு அக்கவுண்ட் வேண்டும். தனியாக ஆடும் கதை கேமுக்கு எந்நேரமும் இணையம் கேட்டால், என் கணக்கில் அது பாதி விலைக்குத்தான் தகும்.

கேமுக்குள்ளே எதை விற்கிறார்கள்

இந்தப் பகுதிதான் முக்கியம், கொஞ்சம் நீளும்.

டிஎல்சி, அதாவது கேமோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் பகுதி, விற்பது குற்றமில்லை. கேம் வந்து ஆறு மாதம் கழித்துப் புதிதாக ஒரு தீவையோ கதையையோ செய்து விற்றால் யாரும் கோபப்படுவதில்லை, சந்தோஷமாக வாங்குவார்கள். அறுத்து விற்றதாகத் தோன்றினால்தான் வினை. 2012இல் பயோவேர் ஸ்டுடியோ செய்த மாஸ் எஃபெக்ட் 3 வெளியான அன்றே ஃப்ரம் ஆஷஸ் என்ற டிஎல்சியை 10 டாலருக்கு விற்றார்கள். கதையோடு ஒட்டிய ஒரு பாத்திரம் அதில் இருந்தது, அந்தப் பாத்திரத்தின் சில ஃபைல்கள் டிஸ்கிலேயே கிடந்ததைத் தோண்டிப் பார்த்தவர்கள் கண்டுபிடித்தார்கள். அந்த கேமின் முடிவு குறித்த கலவரம் தனி, அதற்கு அப்புறம் வருகிறேன்.

லூட் பாக்ஸ் இதைவிட ஒரு படி மேலே. காசு கொடுத்துப் பெட்டி வாங்குவீர்கள், உள்ளே என்ன என்று திறந்தால்தான் தெரியும். உடையும் நிறமும் வந்தால் சரி, போகட்டும். எதிராளியைச் சுலபமாக அடிக்க உதவும் சக்தியும் அதில் வந்தால் காசு கொடுக்காதவன் ஏற்கனவே பின்தங்கிவிட்டான். 2017 நவம்பரில் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2 இப்படித்தான் வந்தது. 60 டாலர் கொடுத்து வாங்கிய கேமில் படத்தின் புகழ்பெற்ற பாத்திரமான டார்த் வேடராக ஆட வேண்டுமென்றால் 60,000 கிரெடிட் சேர்க்க வேண்டும். ரெடிட்டில் ஒருவர் கணக்குப் போட்டதில் ஒரு ஹீரோவுக்கு சுமார் 40 மணி நேரம் ஆட வேண்டியிருந்தது. ஸ்டார் வார்ஸ் கேம் வாங்குகிறவன் வேடருக்காகத்தானே வாங்குகிறான்.

கேள்வி கேட்டவருக்கு இஏ அக்கவுண்டிலிருந்து ஒரு பதில் வந்தது. ஹீரோக்களைத் திறக்கும்போது ஆட்டக்காரருக்குப் பெருமிதமும் சாதித்த உணர்வும் வர வேண்டும் என்பதுதான் நோக்கம் என்ற மாதிரி. அந்தப் பதிலுக்கு 6 லட்சத்துக்கும் மேல் டவுன்வோட் (பிடிக்கவில்லை என்ற வாக்கு) விழுந்து கின்னஸ் சாதனைப் புத்தகத்துக்கே போனது. நீண்ட கோபம் எல்லாம் இப்படித்தான் ஒரு வாக்கியத்தில் வந்து நிற்கும். உழைத்தால்தான் ருசி என்று காசு வாங்கிக்கொண்டவர்களே அறிவுரை சொன்னால் எப்படி இருக்கும்? முதலில் ஹீரோ விலையை 75 சதவீதம் குறைத்தார்கள், வேடர் 15,000 ஆனார். அது போதவில்லை, நவம்பர் 17 வெளியீட்டுக்கு முதல் நாள் காசுக்கு வாங்கும் வசதியை மொத்தமாக அணைத்தார்கள். அடுத்த வசந்தத்தில் திரும்பி வந்தபோது, காசு கொடுத்தால் தோற்றம் மட்டும்தான் கிடைக்கும் என்று மாற்றியிருந்தார்கள்.

இந்தச் சண்டை கேமர்களோடு நிற்கவில்லை. 2018 ஏப்ரலில் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம், ஃபிஃபா 18 (எஃப்சியின் பழைய பெயர்தான் ஃபிஃபா) உட்பட மூன்று கேம்களில் இருக்கும் லூட் பாக்ஸ் சூதாட்டச் சட்டத்துக்கு எதிரானது என்றது. கொஞ்ச நாள் முறுக்கிப் பார்த்துவிட்டு 2019 ஜனவரி முடிவில் இஏ அங்கே ஃபிஃபா பாயின்ட் (பெட்டி வாங்க உதவும் கேம் பணம்) விற்பதை நிறுத்தியது. நெதர்லாந்தில் ஒரு கோடி யூரோ வரை அபராதம் என்று 2020இல் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது, 2022 மார்ச்சில் மேல்முறையீட்டில் அது ரத்தானது. அதனால் "லூட் பாக்ஸை ஐரோப்பாவே தடை செய்துவிட்டது" என்று யாராவது எழுதியிருந்தால் அவர் பாதிதான் படித்திருக்கிறார். 2019இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் முன் இஏ அதிகாரி ஒருவர், இதை நாங்கள் லூட் பாக்ஸ் என்று சொல்வதில்லை, திடீர் ஆச்சரியம் தரும் அம்சம் என்போம் என்று விளக்கம் கொடுத்து அதற்கும் வாங்கிக் கட்டிக்கொண்டார். மனிதர்கள் சம்பளத்துக்காக எதையெல்லாம் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஏன் விட மாட்டேன் என்கிறார்கள் என்பதற்கு ஒரே ஓர் எண் போதும். 2021 மார்ச்சோடு முடிந்த நிதியாண்டில் பேக் என்ற பெட்டிகளைத் திறந்து வீரர்களைச் சேர்த்து அணி அமைக்கும் அல்டிமேட் டீம் வகையறாவில் மட்டும் இஏவுக்கு வந்தது சுமார் 162 கோடி டாலர், மொத்த வருமானத்தில் கால் பங்குக்கும் மேல். வேடரை விட்டுக்கொடுக்கலாம், இதை விட்டுக்கொடுக்க முடியாது.

எஃப்சி வாங்கப்போகிறவர்களுக்கு என் யோசனை எளிது. தனியாக ஆடும் கேரியர் மோடும் நண்பர்களோடு சோபாவில் உட்கார்ந்து ஆடுவதும் போதும் என்றால் தாராளமாக வாங்குங்கள், ஜனவரிக்கு மேல் பாதி விலைக்குக் கிடைக்க வாய்ப்பு அதிகம். அல்டிமேட் டீம்தான் வேண்டும் என்றால், பேக்கை வாங்கும் முன் எந்த வகை வீரர் வர எத்தனை சதவீத வாய்ப்பு என்று திறந்து பாருங்கள், அங்கேயே காட்டியிருப்பார்கள். நீங்கள் ஆசைப்படுகிற வீரர் ஒரு சதவீதத்துக்கும் கீழே இருக்கிற கூட்டத்தில் இருப்பார். அடுத்த செப்டம்பரில் புதுப் பதிப்பு வரும்போது இந்த அணி கூட வராது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பிள்ளைகள் ஆடினால் அக்கவுண்டில் கார்டைச் சேமித்து வைக்காதீர்கள்.

ஸ்டுடியோவை விழுங்கினார்கள் என்ற குற்றச்சாட்டு

அல்டிமா செய்த ஆரிஜின், தீம் பார்க் செய்த புல்ஃப்ராக், கமாண்ட் அண்ட் கான்கர் செய்த வெஸ்ட்வுட், பாண்டமிக், விஸரல். வாங்கி மூடிய, அல்லது தானே தொடங்கி மூடிய ஸ்டுடியோக்களின் பட்டியல் நீளம்தான். பழைய ஆட்டக்காரர்களுக்கு இது ஆறாத புண், நியாயமும் கூட. ஆனால் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும், ஏனென்றால் எல்லா விபத்தையும் பப்ளிஷர் தலையில் கட்டுவது சுலபம். 2019இல் அதே பயோவேர் செய்த ஆந்தம் என்ற ஆன்லைன் கேம் படுத்தபோது "இஏ பயோவேரைக் கொன்றது" என்றார்கள். அடுத்து வந்த விரிவான செய்தியில் தெரிந்தது வேறு: பயோவேர் தலைமையே வருஷக்கணக்கில் என்ன கேம் செய்கிறோம் என்று முடிவெடுக்காமல் இருந்திருக்கிறது. ஆந்தமில் எல்லாரும் பாராட்டிய ஒரே விஷயம் பறப்பது. அதை வைப்பதா எடுப்பதா என்று தடுமாறிக்கொண்டிருந்தபோது, பார்த்துவிட்டு ஆஹா என்று சொன்னவர் இஏவின் மேலதிகாரி. வில்லன் செய்த நல்லது.

உள்ளே வேலை செய்கிறவர்களின் கோபத்துக்கு மட்டும் கூடுதல் மதிப்பு கொடுங்கள். 2004இல் ஓர் ஊழியரின் துணைவி பெயர் சொல்லாமல் இணையத்தில் எழுதினார், வாரம் ஏழு நாளும் காலை ஒன்பதிலிருந்து ராத்திரி பத்து வரை வேலை, ஓவர்டைம் காசு கிடையாது என்று. அதைத் தொட்டு வழக்குகள் பெரிதாகி, கலைஞர்களுக்கு 1.56 கோடி டாலர், புரோகிராமர்களுக்கு 1.49 கோடி டாலர் என்று இஏ சமரசம் செய்துகொண்டது. ரசிகன் திட்டினால் டிரெண்டிங், ஊழியர் வீட்டில் எழுதினால் கோர்ட்.

எந்தக் கோபம் ஜெயித்தது, எது வீணானது

2012இலும் 2013இலும் கன்ஸ்யூமரிஸ்ட் தளம் நடத்திய வாக்கெடுப்பில் அமெரிக்காவின் மோசமான கம்பெனி என்று இஏவைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு முறையும் இறுதிச் சுற்றில் தோற்றது பேங்க் ஆஃப் அமெரிக்கா. வீட்டுக் கடன் நெருக்கடியில் குடும்பங்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்த காலத்தில், கேம் கம்பெனிதான் மோசம் என்று வாக்களித்த கூட்டத்தை வெளியிலிருந்து பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தது சரிதான். அந்த வாக்கெடுப்பால் ஒரு சர்வர்கூட நேராகவில்லை.

ஜெயித்தவற்றைப் பாருங்கள், எல்லாமே குறிப்பான ஒரு பொருளைக் கேட்டவை. ஸ்போரில் ஆக்டிவேஷன் எண்ணிக்கை. சிம்சிட்டியில் ஆஃப்லைன். பேட்டில்ஃப்ரண்டில் காசுக்கு வரும் சக்தி. 2024 ஜூலையில் இஏவின் ஏபெக்ஸ் லெஜண்ட்ஸில் பேட்டில் பாஸை (ஆட ஆடப் பரிசுகள் திறக்கும் சீசன் சீட்டு) இரண்டாக உடைத்து, ஆடிச் சேர்த்த காயின் செல்லாது, நிஜப் பணம்தான் என்று அறிவித்தார்கள். ஸ்டீமில் எதிர்மறை ரிவ்யூக்கள் மலையாகக் குவிந்தன, அதே மாதத்துக்குள் காயினையே ஏற்றுக்கொள்கிறோம் என்று இறங்கி வந்தார்கள்.

மாஸ் எஃபெக்ட் 3 கோபத்தில் எனக்குப் பிடித்தது அதன் குறும்பு. எந்த முடிவைத் தேர்ந்தாலும் கிட்டத்தட்ட நிறம் மட்டும் மாறிய ஒரே காட்சிதான் என்று சொல்வதற்காக, ரசிகர்கள் காசு திரட்டி பயோவேர் அலுவலகத்துக்கு 402 கப்கேக் அனுப்பினார்கள், மூன்று நிறத்தில், எல்லாம் ஒரே ருசியில். இன்னொரு கூட்டம் நோயாளிக் குழந்தைகளுக்கு உதவும் அமைப்புக்கு சுமார் 80,000 டாலர் சேர்த்துக் கொடுத்தது. அந்த ஜூன் மாதம் விரிவாக்கிய முடிவு இலவசமாக வந்தது. அதே சமயம் பயோவேர் ஆட்களைத் தனிப்பட்ட முறையில் திட்டியவர்களும் இருந்தார்கள், அது எந்தக் கேமிலும் எதையும் மாற்றியதில்லை, நேர்மையான புகார்களையும் சேர்த்துக் கெடுத்ததுதான் மிச்சம்.

ஜெயிக்காத கோபமும் உண்டு. 2004இல் போட்டி கம்பெனி தன் அமெரிக்கக் கால்பந்து கேமை 20 டாலருக்கு இறக்க, இஏ வேறு வழியில்லாமல் அதே விளையாட்டின் தன் கேமான மேடன் விலையை 30க்குக் குறைத்தது. அந்த டிசம்பரிலேயே அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லோடு தனி உரிமை ஒப்பந்தம் போட்டுப் போட்டியையே இல்லாமல் செய்தது. வழக்கு நடந்து 2012இல் 2.7 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது, ஆனால் ஆட்டக்காரர்களுக்கு வேறு கேம் வரவில்லை. போக வேறு கடை இல்லாத இடத்தில் திட்டு எடுபடாது.

இனி வரப்போவதற்கும் ஒரு கண் வைத்திருங்கள். 2025 செப்டம்பரில் சவுதி அரேபியாவின் பொது முதலீட்டு நிதியும் சில்வர் லேக், அஃபினிட்டி பார்ட்னர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனங்களும் சேர்ந்து இஏவை 5,500 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தார்கள், அதில் 2,000 கோடி கடன். கடனுக்கு வட்டி எங்கிருந்தாவது வர வேண்டும், அது பேக் விற்பனையிலிருந்து வரும் என்பது என் ஊகம்.

கையோடு செய்ய வேண்டியவை

ப்ரீ ஆர்டர் வேண்டாம். டிஜிட்டல் காப்பி தீர்ந்துபோகாது.

ஸ்டீமில் ரிவ்யூ படிக்கும்போது மொத்த மதிப்பெண்ணை விட்டுவிட்டு, எப்போது எத்தனை ரிவ்யூ வந்தது என்று காட்டும் வரைபடத்தைப் பாருங்கள். ஒரே வாரத்தில் எதிர்மறை ரிவ்யூவைக் காட்டும் சிவப்பு குத்துக்கல்லாக எழுந்திருந்தால் அந்தத் தேதியைச் சொடுக்கி, பத்து ரிவ்யூக்களைப் படியுங்கள். சர்வர், பேட்டில் பாஸ், கிராஷ் என்று ஒரே காரணம் திரும்பத் திரும்ப வந்தால் அது உண்மை. அந்தக் காரணம் இப்போதும் இருக்கிறதா என்று கடைசி முப்பது நாள் ரிவ்யூவில் சரிபாருங்கள். எழுதியவர் எத்தனை மணி நேரம் ஆடினார் என்பது பக்கத்திலேயே இருக்கும். இரண்டு மணி நேரம் ஆடியவரும் நானூறு மணி நேரம் ஆடியவரும் ஒரே புகாரைச் சொன்னால் வாங்க வேண்டாம்.

எந்த ஸ்டுடியோ செய்தது என்று பாருங்கள். இஏ என்ற முத்திரைக்குக் கீழேதான் இட் டேக்ஸ் டூவும் வந்தது, 2021இல் கேம் அவார்ட்ஸில் அந்த வருஷத்தின் சிறந்த கேம் விருது வாங்கியது, ஒருவர் வாங்கினால் நண்பர் இலவசமாகச் சேர்ந்து ஆடலாம். ஜெடை: ஃபாலன் ஆர்டரில் உள்ளே வாங்க ஒரு பெட்டியும் கிடையாது. இவற்றையும் "இஏவா, ஆளை விடு" என்று தள்ளினால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

ஆன்லைனில் மட்டும் ஓடும் கேமை வாடகை என்று நினைத்து விலை பாருங்கள். ஆந்தமின் சர்வர்களை 2026 ஜனவரியில் நிறுத்துவதாக இஏ முன்கூட்டியே அறிவித்தது, தனியாக ஆடலாம் என்றாலும் சர்வர் இல்லாமல் அது திறக்காது. இப்போது ஸ்டீமே பணம் கட்டும் இடத்தில் நீங்கள் வாங்குவது உரிமம்தான் என்று எழுதி வைத்திருக்கிறது.

ரீஃபண்ட் விதியை வாங்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், ஆடியது இரண்டு மணி நேரத்துக்குள் இருந்தால் கேள்வி இல்லாமல் கிடைக்கும், ஆனால் லாஞ்சர் (இஏ ஆப் மாதிரி கேமைத் திறந்துவிடும் மென்பொருள்) திறந்து கிடக்கும் நேரமும் கணக்கில் சேர்ந்துவிட வாய்ப்பு உண்டு, அதனால் ஓடவில்லை என்றால் உடனே மூடுங்கள். ப்ளேஸ்டேஷனில் டவுன்லோடைத் தொடங்கிவிட்டால் பெரும்பாலும் கதவு அடைந்துவிடும், ஆகவே அங்கே ரிவ்யூ வரும்வரை கை வைக்க வேண்டாம்.

நீங்களே புகார் எழுதுவதாக இருந்தால் கம்பெனியின் பேராசையைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம், அதை ஏற்கனவே லட்சம் பேர் எழுதிவிட்டார்கள். என்ன வாங்கினீர்கள், என்ன தேதி, எது ஓடவில்லை அல்லது எதற்குக் கூடுதல் காசு கேட்டது, எதை மாற்றினால் ரிவ்யூவைத் திருத்துவீர்கள் என்று நாலு வரி போதும். அப்புறம் அவர்கள் மாற்றினால் சொன்னபடி திருத்துங்கள், ஸ்டீமில் பழைய ரிவ்யூவுக்குப் பக்கத்திலேயே எடிட் பட்டன் இருக்கிறது.